மாரடைப்புக்குப் பின் கால்ச்சிசின் 0.5 மி.கி. மாத்திரை: வாங்கலாமா?

கவுட் மூட்டுவலிக்குக் காலங்காலமாகக் கொடுத்துவரும் கால்ச்சிசின், இப்போது மாரடைப்பு வந்தவர்களின் மருந்துச் சீட்டிலும் வருகிறது. மூலனூர், வேதாரண்யம் பக்கம் பயிராகும் கண்வலிக்கிழங்கின், அதாவது செங்காந்தளின், விதையில் இருக்கும் மருந்துதான் இது.

ரத்தக்குழாய் அடைப்பில் கொழுப்போடு அழற்சிக்கும், அதாவது உடலின் வீக்க எதிர்வினைக்கும், பங்கு உண்டு. வெள்ளணுக்கள் அழற்சி உள்ள இடத்துக்குப் போய்ச் சேர்வதைக் கால்ச்சிசின் மட்டுப்படுத்தும். செத்துப்போன இதயத் தசையை இது மீட்காது. அடுத்த அடைப்பைத் தடுக்கும் என்பதுதான் நம்பிக்கை.

2019இல் வெளியான கோல்காட் ஆய்வில் 4,745 பேர் இருந்தார்கள். மாரடைப்பு வந்து 30 நாளுக்குள் தினம் 0.5 மி.கி. தொடங்கியவர்களில் 5.5 சதவீதத்தினருக்கும், வெற்று மாத்திரை எடுத்தவர்களில் 7.1 சதவீதத்தினருக்கும் மறுபடி மாரடைப்பு, பக்கவாதம், இதய மரணம் போன்ற பாதிப்புகள் வந்தன. அதைவிடப் பெரியது 7,062 பேரைச் சேர்த்த கிளியர் ஆய்வு. 2024இல் அதன் முடிவு: கால்ச்சிசின் எடுத்தவர்களில் 9.1 சதவீதம், வெற்று மாத்திரையில் 9.3; வித்தியாசம் இல்லை என்றே அர்த்தம். ஐரோப்பிய இதயவியல் சங்கம் 2023இல் 'பரிசீலிக்கலாம்' என்ற அளவில் சொன்னதும் கிளியருக்கு முன்புதான். ஆகவே ரத்தம் உறைவதைத் தடுக்கும் ஆஸ்பிரின், க்ளோபிடோகிரெல் அல்லது டிகாக்ரெலார், கொழுப்பைக் குறைக்கும் முழு அளவு ஸ்டாட்டின் எல்லாம் ஒழுங்காக ஓடுகிறவருக்கு, அதுவும் மறுபடி மறுபடி அடைப்பு வந்தால் மட்டும், இதய மருத்துவர் கூடுதலாகச் சேர்க்கக்கூடிய மாத்திரை இது. இவற்றில் ஒன்றை நிறுத்திவிட்டு அந்த இடத்தில் இதை வைப்பது பெரிய தவறு.

வயிற்றுப்போக்குதான் அதிகம் வரும் தொல்லை: கிளியரில் 10.2 சதவீதம், வெற்று மாத்திரையில் 6.6. விடாமல் போனால் மாத்திரையை நிறுத்தி மருத்துவரிடம் சொல்லுங்கள். ஒரு வேளை மறந்தால் மறுநாள் இரண்டாகப் போடக்கூடாது. மருந்தளவுக்கும் நஞ்சளவுக்கும் இடைவெளி குறைவு, முறிமருந்தும் கைவசம் கிடையாது.

உயிருக்கு ஆபத்தாவது வேறு மருந்தோடு சேரும்போதுதான். சளிக்குத் தரும் கிளாரித்ரோமைசின், படர்தாமரைக்குத் தரும் இட்ராகோனசோல், ரத்த அழுத்தத்துக்கான வெராபமில், டில்டியாசெம் ஆகியவை கால்ச்சிசின் வெளியேறுவதைத் தடுத்து ரத்தத்தில் தேக்கிவிடும். தோல் மருத்துவர் இதயச் சீட்டைக் கேட்காமல் போகலாம், நீங்களே காட்டுங்கள். தொடங்கும் முன் சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினின் ரத்தப் பரிசோதனை பார்த்தாக வேண்டும். சிறுநீரகம் மிகவும் தளர்ந்தவருக்கு இது வேண்டாம். ஸ்டாட்டினோடு எடுக்கையில் தொடை, தோள் தசைகள் சோர்ந்து, உட்கார்ந்த இடத்திலிருந்து எழ முடியாமல் போனால் அன்றைக்கே மருத்துவரைப் பாருங்கள்.

விதையையோ கிழங்கையோ அரைத்துக் குடிப்பது சாவில் முடியும்.