சோற்றை விடுவதா, நடப்பதா, தேத்தண்ணிச் சீனியைக் குறைப்பதா?

அம்மா இடுப்பில் படங்குத் துணி கட்டி, கூடைக் கயிற்றைத் தலையில் மாட்டிக்கொண்டு நாள் முழுக்க மலையில் தேயிலைக் கொழுந்து பறித்தவர். காலையில் 4 ரொட்டி சம்பலோடு சாப்பிட்டாலும் மத்தியானத்துக்குள் செரித்துவிடும். நான் இலங்கை மலையகத்து ஹட்டனில் ஒரு கடைக் கல்லாவில் உட்கார்ந்திருக்கிறேன். எனக்கும் அதே 4 ரொட்டிதான். மலையை விட்டு வேறு வேலைக்கு வந்த பலருக்கும் எடை ஏறுவது இப்படித்தான்.

எடையை இறக்க நினைத்ததும் முதலில் கைவைப்பது சோற்றில். முதல் கிழமையே தராசு முள் இறங்கும், மனம் குளிரும். ஆனால் இறங்கியதில் பெரும்பகுதி நீர். உடல் சேமித்த மாவுச்சத்தின் ஒவ்வொரு கிராமும் ஏறக்குறைய 3 கிராம் நீரைப் பிடித்து வைத்திருக்கும். அது கரைந்ததும் வேகம் நின்றுவிடும். எடை குறையக் குறைய உடல் செலவழிக்கும் சக்தியும் குறைகிறது, பசியோ கூடுகிறது. வீட்டில் எல்லாருக்கும் ஒரே சட்டிச் சோறு. திருவிழாவுக்கு வந்த பெரியம்மா "சாப்பிடு புள்ள" என்று அள்ளி வைத்தால் எப்படித் தள்ளுவது? இரண்டு தடவை நான் இதில்தான் தோற்றேன். மனவுறுதி இல்லை என்று அப்போது என்னையே திட்டிக்கொண்டேன், அது தப்பு. சீனி வியாதிக்கு மருந்து எடுப்பவர்கள் வைத்தியரைக் கேட்காமல் சாப்பாட்டை விடவே கூடாது.

நடை நல்லது. கிழமைக்கு 150 நிமிடமாவது உடல் அசைய வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். பிரஷருக்கும் சீனிக்கும் நல்லது, இறங்கிய எடையைப் பிடித்து வைக்கவும் உதவும். ஆனால் ஒரு மணித்தியாலம் நடந்தால் செலவாவது சுமார் 250 கலோரிதான். இரண்டு ரொட்டி அதைத் திருப்பிக் கொடுத்துவிடும். மே தொடங்கி செப்டம்பர் வரை மழை, பாதையில் அட்டை, வேலை முடிந்து வந்தால் இருட்டு. லயத்தில், தோட்டத்து வரிசை வீட்டில், இருக்கும் பெண்ணுக்கு எங்கே நேரம்?

மெலியவைக்கும் பொடிகளை நான் கணக்கிலேயே எடுக்கவில்லை. பேதியாக்கி இறக்குவதும் நீர்தான்.

என் தேர்வு சீனியைக் குறைப்பது. குளிருக்கு நாளைக்கு 8 கோப்பை தேத்தண்ணி, கோப்பைக்கு 2 கரண்டி, கரண்டிக்கு 4 கிராம் என்றால் 64 கிராம். 2000 கலோரி சாப்பிடுபவருக்கு உலக சுகாதார நிறுவனம் சொல்லும் உச்ச அளவே 50 கிராம்தான். அந்த 64 கிராமில் ஒரு மணித்தியால நடைக்குரிய கலோரி இருக்கிறது. தட்டில் கைவைக்க வேண்டாம், மழைக்கும் பயப்பட வேண்டாம்.

ஒரேயடியாக நிறுத்தவில்லை. பழைய ஆட்கள் போல உள்ளங்கையில் சிட்டிகைச் சீனி வைத்து நக்கிக்கொண்டே பால் இல்லாத வெறும் பிளேன்டி குடிக்கிறேன். கையில் இருப்பது கண்ணுக்குத் தெரிகிறது, கோப்பையில் கரைந்தது தெரிவதில்லை. அடுத்த வீட்டுக்குப் போனால் கேத்தல் கொதிக்கும் முன்பே சொல்லிவிடுவேன்: "அக்கா, எனக்குச் சீனி போடாம ஊத்துங்க."