கவுதாரி வந்தது, சுவர் வரவில்லை

ஐந்துக்கு மூன்று நட்சத்திரம் கொடுக்கிறேன், அதில் ஒன்று இறகுக்காக மட்டும்.

நான் வாங்கியது யாகோப்போ தே பார்பாரி 1504-இல் வரைந்த கவுதாரி ஓவியத்தின் நகல். அச்சு இல்லை, எண்ணெய் வண்ணத்தில் கையால் வரைந்தது. இத்தாலியில் இருக்கும் ஓர் ஓவியக்கூடம் அனுப்பியது, பெயர் வேண்டாம். மூல ஓவியத்தை மியூனிக்கில் ஆல்ட்டே பினாகோதெக் அருங்காட்சியகத்தில் பார்த்ததிலிருந்தே இந்த ஆசை. வெனிஸ்காரரான பார்பாரி ஜெர்மனி பக்கம் அரசவைகளில் வேலை பார்த்த காலத்தில் வரைந்தது அது. ஒரு மரச்சுவர், அதில் தொங்கும் செத்த கவுதாரி, ஒரு ஜோடி இரும்புக் கையுறை, ஒரு குறுக்குவில் அம்பு, கீழே மடித்துப் பிரித்த தடம் தெரியும் ஒரு துண்டுச் சீட்டு, அவ்வளவுதான் படம். பொருள்களை மட்டும் வைத்துத் தனியாக வரைந்த ஐரோப்பிய ஓவியங்களில் மிகப் பழையவற்றில் ஒன்று என்பார்கள். (இத்தாலியில் இந்த வகைக்குப் பெயரே ‘செத்த இயற்கை’. ஆப்பிளும் திராட்சையும் இருக்கிற படத்துக்கு அந்தப் பெயர் கொஞ்சம் ஓவர், வேட்டைப் படத்துக்குக் கச்சிதம்.)

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். இறகுகள் அருமை. சாம்பலும் பழுப்புமாக அடுக்கடுக்காக, மார்புப் பக்கம் மெல்லிசாகிக்கொண்டே போவதை யாரோ பொறுமையாக உட்கார்ந்து செய்திருக்கிறார்கள். கையுறையின் இரும்பு மினுக்கமும் பரவாயில்லை.

ஆனால் படம் ஏமாற்றவில்லை. அதாவது, அது ஏமாற்ற வேண்டிய படம். மூலம் சுமார் 52 செ.மீ. உயரம், 42 செ.மீ. அகலம்தான், லிண்டன் மரப்பலகையில் வரைந்தது. கொஞ்சம் தள்ளி நின்று பார்த்தால் யாரோ வேட்டையிலிருந்து திரும்பி வந்து நிஜமாகவே மாட்டிவிட்டுப் போன மாதிரி இருக்கும், பலகை, பறவையின் அளவு, நிழல் மூன்றும் சேர்ந்து செய்கிற வேலை அது. நானோ பெரிதாக இருந்தால் கம்பீரமாக இருக்குமே என்று 90 செ.மீ. உயரத்தில் கேட்டுத் தொலைத்தேன். வந்தது வான்கோழி அளவில் ஒரு கவுதாரி, அதுவும் கேன்வாஸில். மரத்தின் ரேகைகளை வரைந்திருக்கிறார்கள், அதன்மேல் துணியின் நெசவும் தெரிகிறது, கண் எதை நம்பும்? அளவு என் தப்பு, சரி. ஆனால் தினமும் இதையே செய்கிறவர்கள் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். பலகையில் வரைவீர்களா என்று அப்புறம் கேட்டேன், கேட்டால் வரைவோம் என்றார்கள்!

வார்னிஷ் இன்னொரு தலைவலி. எண்ணெய் வண்ணம் உள்ளே வரை காயப் பல மாதங்கள் ஆகும், அதற்குப் பிறகுதான் கடைசி வார்னிஷ் அடிக்க வேண்டும். இவர்கள் ஆர்டர் எடுத்து ஐந்தே வாரத்தில் கண்ணாடி மாதிரிப் பளபளக்க அடித்து, சுருட்டிக் குழாயில் போட்டு அனுப்பிவிட்டார்கள். பிரிக்கும்போது பாதுகாப்புத் தாள் ஓர் ஓரத்தில் ஒட்டிக்கொண்டு வந்தது. மாட்டினால் ஜன்னல் வெளிச்சம் முழுக்க அதில்தான்.

இவர்களிடமே வாங்குவதாக இருந்தால் 18-ஆம் நூற்றாண்டு நாப்போலிக்காரர் பால்தஸ்ஸாரே தே காரோவின் வேட்டைப் படங்களைக் கேளுங்கள். சுட்ட பறவைகள், பக்கத்திலேயே நாய்கள், பின்னால் வெளி என்று அவை முதலிலிருந்தே கேன்வாஸுக்கான படங்கள், சுவர்ப்பலகை வேடம் போட வேண்டிய கட்டாயம் இல்லை, இறகு வரையும் கையும் இவர்களிடம் இருக்கிறது. பார்பாரிதான் வேண்டும் என்றால் பலகை, மூல அளவு, மங்கல் வார்னிஷ், இந்த மூன்றையும் எழுத்தில் வாங்கிக்கொண்டு பணம் கட்டுங்கள்.

அந்தத் துண்டுச் சீட்டையும் பெரிதாக்கிப் பார்க்கக் கேளுங்கள். பார்பாரி அதில் தன் பெயர், வருடம், கூடவே தன் முத்திரையான, ரோமானியத் தெய்வம் மெர்க்குரியின் கோலையும் போட்டிருப்பார், இரண்டு பாம்புகள் பின்னிய கோல். எனக்கு வந்ததில் பாம்பு ஒன்றுதான். மருந்துக்கடைப் பலகை மாதிரி இருக்கிறது.