லைஃப் இன் த யூகே தேர்வு: 50 பவுண்டுக்கு எவ்வளவு பிரிட்டன் கிடைக்கிறது?

24 கேள்வி, 45 நிமிடம், 18 சரியானால் தேர்ச்சி. பிரிட்டனில் ஐ.எல்.ஆர் எனப்படும் நிரந்தர வதிவிட உரிமைக்கோ குடியுரிமைக்கோ விண்ணப்பிக்கும் 18 முதல் 64 வயது வரையானவர்களில் பெரும்பாலோர் இந்த வாசலைத் தாண்டித்தான் போகவேண்டும். கட்டணம் 50 பவுண்ட். தோற்றால் ஏழு நாள் கழித்து மறுபடி எழுதலாம், மறுபடி 50 பவுண்ட். 2005 நவம்பரில் தொடங்கிய தேர்வு இது. இப்போது படிக்கவேண்டிய கையேடு 2013-ல் வெளிவந்த மூன்றாம் பதிப்பு. "இந்த நாட்டுக்காரர் என்றால் யார்?" என்ற கேள்விக்கு அரசே விலை போட்டு விற்கும் பதில் என்பதால், மற்ற சேவைகளைப் போல இதையும் தரம் பார்க்கலாம்.

முதலில் முன்பதிவு. அரசின் கவ்.யூகே தளத்தில் மட்டும்தான் செய்யவேண்டும், குறைந்தது மூன்று நாள் முன்னதாக. அதே வேலையைச் செய்து தருவதாகச் சொல்லி மேலதிகப் பணம் கேட்கும் தளங்களை ஒதுக்கிவிடுங்கள். அவர்களால் எதையும் வேகப்படுத்த முடியாது. தமிழர்களுக்கு இங்கேதான் முதல் முட்டுக்கட்டை: பெயர். பதிவில் உள்ள பெயரும் கொண்டுபோகும் அடையாள ஆவணத்தில் உள்ள பெயரும் எழுத்துக்கு எழுத்து பொருந்தவேண்டும். பாஸ்போர்ட்டில் இனிஷியல் விரிந்து அப்பாவின் பெயராகி, அதுவே குடும்பப் பெயராகவும் ஆகியிருக்கும். வங்கிக் கணக்கில் வேறு வரிசை, வேலையிடத்தில் வேறு சுருக்கம். பழக்கதோஷத்தில் வேலையிடப் பெயரைத் தட்டிவிட்டால் தேர்வு மைய வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடுவார்கள், பணமும் திரும்பாது. பாஸ்போர்ட்டைப் பக்கத்தில் விரித்து வைத்துக்கொண்டு, அதில் இருக்கிறபடியே தட்டச்சு செய்யுங்கள்.

தேர்வு மொழி ஆங்கிலம். ஆனால் வேல்ஸில் வெல்ஷ் மொழியிலும் ஸ்காட்லாந்தில் கேலிக் மொழியிலும் எழுத ஏற்பாடு உண்டு. கையேடு பக்கம் பக்கமாக விளக்குவதைவிட இந்த ஒரு விதி அதிகம் சொல்கிறது. ஒரே மொழி, ஒரே இனம் என்று இந்த நாடு தன்னைச் சொல்லிக்கொள்வதில்லை. அதே சமயம் அதன் சலுகை உள்வீட்டு மொழிகளோடு நின்றுவிடுகிறது. தமிழிலோ உருதுவிலோ கேட்க வழியில்லை. பொதுப் புழக்கத்துக்கு ஒரு மொழி வேண்டும் என்ற நியாயம் புரிகிறது, குறையாகச் சொல்லவில்லை.

கையேட்டில் ஐந்து அத்தியாயங்கள். முதலாவது மிகச் சிறியது, மிக நல்லது. ஜனநாயகம், சட்டத்தின் ஆட்சி, தனிமனிதச் சுதந்திரம், வேறு மதத்தாரையும் வேறு நம்பிக்கையாளரையும் சகித்துக்கொள்வது, சமூக வாழ்வில் பங்கெடுப்பது என்று ஐந்தை அடிப்படையாக வைக்கிறது. என்ன சாப்பிடுகிறீர்கள், எந்தக் கோயிலுக்குப் போகிறீர்கள், வீட்டில் என்ன பேசுகிறீர்கள் என்பதெல்லாம் அந்தப் பட்டியலில் இல்லை. பல பண்பாட்டுச் சமூகத்தில் தேசிய அடையாளம் என்று எதைக் கேட்கலாம், எதைக் கேட்கக்கூடாது என்பதற்கு இதைவிடத் தெளிவான எல்லைக்கோடு போடுவது கடினம்.

சிக்கல் மூன்றாம் அத்தியாயமான வரலாற்றில். புத்தகத்தின் கனம் அங்கேதான், தோற்கிறவர்கள் வழுக்குவதும் அங்கேதான். ஆனாலும் அதைக் கவனமாகப் படித்தால் உள்ளே ஒரு சரடு ஓடுவது தெரியும்: வந்தவர்களின் வரலாறு. கி.பி. 43-ல் ரோமானியர், 1066-ல் நார்மன்கள், 1680-க்கும் 1720-க்கும் இடையில் பிரான்ஸிலிருந்து தப்பி வந்த ஹியூகனாட் எனப்படும் புராட்டஸ்டன்ட் கிறிஸ்தவ அகதிகள், 1870 முதல் 1914 வரை ரஷ்யாவிலிருந்தும் போலந்திலிருந்தும் சுமார் 1,20,000 யூதர்கள், இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு மேற்கிந்தியத் தீவுகளிலிருந்து பஸ் ஓட்ட ஆளெடுத்தது, 1970-களின் தொடக்கத்தில் உகாண்டாவிலிருந்து விரட்டப்பட்ட 28,000 இந்திய வம்சாவளியினர். வங்காளப் பகுதியில் வளர்ந்த ஷேக் தீன் முகமது 1810-ல் லண்டன் ஜார்ஜ் தெருவில் ஹிந்துஸ்தான் காபி ஹவுஸ் என்ற முதல் கறி உணவகத்தைத் திறந்ததும் இருக்கிறது. "நாங்கள் எல்லாரும் எப்போதோ வந்தவர்கள்தான்" என்று அரசுப் புத்தகமே சொல்லாமல் சொல்கிறது. ஆனால் தேர்வு அதைக் கேட்பதில்லை, ஆண்டைத்தான் கேட்கிறது. 2018-ல் வெடித்த விண்ட்ரஷ் விவகாரத்தை, அதாவது கரீபியத் தீவுகளிலிருந்து பிள்ளைகளாக வந்து இங்கேயே முதுமை எய்தியவர்களைக் காகிதம் இல்லையென்று சட்டவிரோதிகளாக நடத்தியதை, 2013-ல் எழுதிய புத்தகத்தில் தேட முடியாது. அழைத்துவந்த கதை உண்டு, கைவிட்ட கதை இல்லை.

இன்னொரு குறை இன்னும் எரிச்சலூட்டுவது. முந்தைய பதிப்பில் இருந்த குடும்ப மருத்துவரிடம் பதிவு செய்வது, குற்றத்தைப் புகார் செய்வது போன்ற அன்றாடச் செய்திகளை மூன்றாம் பதிப்பில் எடுத்துவிட்டார்கள். நார்மன் படையெடுப்பைத் தையலில் சொல்லும் பேயோ சித்திரத்துகில் கிட்டத்தட்ட 70 மீட்டர் நீளம், லண்டன் ஐ என்ற ராட்டினம் 135 மீட்டர் உயரம் என்பவை இருக்கின்றன. மதுக்கடையில் பொழுதுபோக்குக்கு நடத்தும் மோசமான பப் வினாடி வினா என்று டர்ஹம் பல்கலைக்கழகப் பேராசிரியர் தாம் புரூக்ஸ் 2013-லேயே சொல்லிவிட்டார். உள்ளூரில் பிறந்தவர்களிடம் கேட்டுப் பாருங்கள், பாதிக்கு முழிப்பார்கள்.

ஆஸ்திரேலியா வேறு வழி பிடித்தது. அங்கே 20 கேள்வி. 2020 நவம்பரிலிருந்து அதில் ஐந்து விழுமியங்கள் பற்றியவை, அந்த ஐந்தும் சரியாக இருந்தே ஆகவேண்டும். பிரிட்டனில் அந்த மாதிரிக் கட்டாயம் இல்லை; முதல் அத்தியாயக் கேள்விகளைக் கோட்டைவிட்டாலும் மற்றவற்றில் 18 எடுத்தால் போதும். ஆஸ்திரேலிய முறை மேல் என்று சட்டென்று சொல்லிவிடவும் தயக்கமாக இருக்கிறது. சகிப்புத்தன்மை வேண்டுமா என்று நாலு விடை கொடுத்துக் கேட்டால் வேண்டாம் என்று யார் டிக் அடிப்பார்?

படிக்கும் முறைக்கு வருவோம். கேள்விகள் நான்கு வகை: நாலில் ஒன்று, சரியா தவறா, நாலில் இரண்டு, இரண்டு கூற்றுகளில் எது சரி. "நாலில் இரண்டு" வகையில் இரண்டும் சரியாக இருந்தால்தான் மதிப்பெண்; அவசரத்தில் ஒன்றை மட்டும் தேர்ந்துவிட்டுப் போய்விடுகிறவர்கள் உண்டு. பழைய பதிப்பை வைத்துத் தயாரித்த இலவச மாதிரித் தேர்வுகள் இன்னும் சுற்றுகின்றன, அவற்றில் தேறினால் ஏமாந்துபோக வேண்டாம். மாறிவிட்ட எண்களும் குழப்பும்: வட அயர்லாந்து சட்டமன்றம் 108 பேராக இருந்தது, 2017 தேர்தலிலிருந்து 90, வேல்ஸ் நாடாளுமன்றத்தின் 60 இடங்களை 2026 தேர்தலிலிருந்து 96 ஆக்க 2024-ல் சட்டம் வந்தது. கேள்விகள் கையேட்டை ஒட்டியே வருவதால், பழைய பிரதியை யாரிடமும் இரவல் வாங்காமல் கடைசியாக அச்சான பிரதியை வாங்குங்கள்.

நம்மவர் சறுக்கும் இன்னொரு இடம், யூகேயின் நான்கு நாடுகளைப் போட்டுக் குழப்பிக்கொள்வது. இங்கிலாந்து வேறு, யூகே வேறு என்பது நம் பேச்சில் ஒட்டாத விஷயம். லண்டன் என்று சொல்லி முழு நாட்டையும் குறிக்கிற பழக்கம் நமக்கு. நான்கு நாடுகளுக்கும் தனித்தனிக் காவல் புனிதர் நாள் உண்டு: மார்ச் 1 வேல்ஸின் செயிண்ட் டேவிட், மார்ச் 17 வட அயர்லாந்தின் செயிண்ட் பேட்ரிக், ஏப்ரல் 23 இங்கிலாந்தின் செயிண்ட் ஜார்ஜ், நவம்பர் 30 ஸ்காட்லாந்தின் செயிண்ட் ஆண்ட்ரூ. இதில் வட அயர்லாந்திலும் ஸ்காட்லாந்திலும் மட்டும்தான் அந்த நாள் அதிகாரபூர்வ விடுமுறை. இந்த மாதிரிக் கொக்கிகளைத் தனித்தாளில் நான்கு பத்தி போட்டு எழுதிக்கொண்டால் பாதி பாரம் இறங்கும்.

தேர்வு மைய ஏற்பாட்டில் குறை சொல்ல அதிகம் இல்லை. போனை ஒப்படைத்துவிட்டு உட்காரவேண்டும், முடிவு அன்றே தெரிந்துவிடும். தேறினால் ஒரு தனி எண் தருவார்கள். அதற்குக் காலாவதி இல்லை, ஐ.எல்.ஆருக்குப் பயன்படுத்திய அதே எண்ணைப் பின்னர் குடியுரிமைக்கும் கொடுக்கலாம்.

குடியுரிமை கிடைத்ததும் உள்ளூர் கவுன்சில் நடத்தும் விழாவுக்கு அழைப்பு வரும், மூன்று மாதத்துக்குள் போகவேண்டும். 2004-ல் தொடங்கிய இந்த விழாவுக்குத் தேர்வைவிட நல்ல மதிப்பெண் கொடுக்கலாம். கடவுள் பெயரால் ஆணையிடலாம், விருப்பமில்லாவிட்டால் கடவுளைச் சொல்லாமல் உறுதிமொழி எடுக்கலாம். நாட்டின் உரிமைகளையும் சுதந்திரங்களையும் மதிப்பேன், ஜனநாயக விழுமியங்களைக் காப்பேன் என்று கூடவே சொல்வது சில வரிகள்தான், கையேட்டின் முதல் அத்தியாயச் சாரம் அது. பட்டுச் சேலையோ வேட்டியோ கட்டிப்போனாலும் யாரும் ஒன்றும் சொல்லமாட்டார்கள். சான்றிதழ் கைக்கு வந்ததும் படம் எடுக்க ஓடாமல், உங்கள் பெயரும் அப்பாவின் பெயரும் இருக்கவேண்டிய இடத்தில் இருக்கின்றனவா, பிறந்த தேதி சரியா என்று அங்கேயே நின்று பாருங்கள். பிரிட்டிஷ் பாஸ்போர்ட் விண்ணப்பம் அந்தக் காகிதத்தை வைத்துத்தான்.