ஸ்குறூவா, ஊசியா, ஜெற்றா? பெற்றோல் மிச்சம் பிடிக்க எதில் கைவைப்பது

யாழ்ப்பாணத்தில் எந்தக் கராச்சில் கொஞ்சநேரம் நின்றாலும் "பெற்றோல் கூடக் குடிக்குது, குறைச்சு விடுங்கோ அண்ணை" என்று ஒருவராவது மோட்டார் சைக்கிளோடு வந்து கேட்பார். பெரும்பாலும் நடப்பது, பெற்றோலையும் காற்றையும் கலந்து எஞ்சினுக்கு அனுப்பும் காபரேட்டரின் பக்கத்தில் இருக்கும் ஸ்குறூவை ஒரு திருகு திருகி அனுப்பிவிடுவதுதான். 2022 எரிபொருள் தட்டுப்பாட்டில் கிழமைக்கு 4 லீற்றரோடு ஓடிப் பழகியவர்களுக்கு இது சின்ன விஷயமில்லை, அதனால் எது உண்மையிலேயே மிச்சம் தரும் என்று பார்ப்போம்.

அக்சிலேற்றரை எவ்வளவு திறக்கிறீர்கள் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. ஐட்லிங்கில் இருந்து எட்டில் ஒரு பங்கு திறப்பு வரை பெற்றோலின் அளவைத் தீர்மானிப்பது ஸ்குறூவும் பைலட் ஜெற்றும் (ஜெற் என்பது பெற்றோல் வரும் சின்னத் துவாரம்), கால்வாசியில் இருந்து முக்கால்வாசி வரை அக்சிலேற்றரோடு ஏறி இறங்கும் ஊசி, அதற்கு மேல் மெயின் ஜெற்.

ஸ்குறூ சுலபம், செலவில்லை. எஞ்சின் நன்றாகச் சூடான பிறகு மெதுவாக உள்ளே முட்டும் வரை திருகி (இறுக்கினால் கூர்முனை கெட்டுவிடும்), ஒன்றரை முதல் இரண்டு சுற்று வெளியே எடுத்து, அந்த இடத்தைச் சுற்றி எங்கே எஞ்சின் வேகமாகவும் சீராகவும் ஓடுகிறதோ அங்கே விட்டுவிட்டு, ஐட்லிங்கைக் குறைத்துக்கொள்ளுங்கள். ஒன்றை மட்டும் கவனியுங்கள். ஸ்குறூ எயார் ஃபில்டர் பக்கம் இருந்தால் உள்ளே திருகத் திருகப் பெற்றோல் கூடும், எஞ்சின் பக்கம் இருந்தால் குறையும். இது தெரியாமல் திருகினால் நேர் எதிராகப் போய்விடும். ஆனால் கஸ்தூரியார் வீதி நெரிசலில் ஊர்கிறவருக்குத்தான் இதில் பெரிய பலன், சுன்னாகத்துக்கும் பருத்தித்துறைக்கும் ஓடுகிறவருக்குக் குறைவு.

என் வாக்கு ஊசிக்குத்தான். நாங்கள் சாதாரணமாக நாற்பது ஐம்பதில் ஓடுவது அதன் எல்லையில்தான் வருகிறது. ஊசியின் தலைப்பக்கத்து வெட்டுகளில் ஒன்றில் மாட்டியிருக்கும் கிளிப்பை ஒரு வெட்டு மேலே போட்டால் ஊசி கீழே இறங்கும், பெற்றோல் குறையும். ஒரே ஒரு வெட்டு, அதற்கு மேல் வேண்டாம். போட்டபின் சோழகம் அடிக்கும் நாளில் பண்ணைப் பாலத்தில் காற்றுக்கு எதிராக ஓடிப் பாருங்கள். அக்சிலேற்றரைத் திறக்கும்போது திக்கினால், அல்லது பிளக் வெள்ளையாக வெளுத்தால் பழைய வெட்டுக்கே திரும்புங்கள். பிளக் பிஸ்கட் நிறத்தில் இருந்தால் சரி, கறுப்புக் கரி படிந்திருந்தால் இன்னும் பெற்றோல் கூடத்தான் போகிறது.

பழைய மோட்டார் சைக்கிள்களில் ஒரு சிக்கல் இருக்கிறது. ஊசி ஏறி இறங்கும் பித்தளைக் குழாய் வருடக்கணக்கான அதிர்வில் தேய்ந்து துவாரம் பெருத்திருக்கும், அங்கே கிளிப்பை எத்தனை தரம் மாற்றினாலும் கசிகிறது கசியும். ஊசியையும் குழாயையும் சோடியாக மாற்றுவதுதான் வழி, அந்தச் செலவைப் பெற்றோலே திருப்பித் தரும். சில ஊசிகளில் ஒரே ஒரு வெட்டுத்தான் இருக்கும். அவற்றில் கிளிப்புக்குக் கீழே வோஷர் போடுவது ஊசியை உயர்த்தத்தான் செய்யும், பெற்றோலைக் குறைக்காது.

மெயின் ஜெற்றைச் சின்னதாக்குவதை நான் ஒரேயடியாக எதிர்க்கிறேன். ஊருக்குள் அந்தத் திறப்புக்கே போகாதவருக்கு அதில் மிச்சம் எங்கிருந்து வரும்? போகிறவருக்கோ ஆபத்து. பின்னால் ஆளையும் ஏற்றிக்கொண்டு ஏ-9இல் முழுத் திறப்பில் போகும்போது பெற்றோல் போதாமல் எஞ்சின் கொதித்து, எக்ஸோஸ்ட் வால்வும் பிஸ்டனும் கருகும். நுவரெலியாவில் 1,800 மீற்றருக்கு மேலே காற்று ஐதாக இருப்பதால் சின்ன ஜெற்றுக்கு ஒரு நியாயம் உண்டு. கடல் மட்டத்தோடு ஒட்டிக் கிடக்கும் எங்கள் மண்ணில் இல்லை.

95 ஒக்டேன் பெற்றோல் அடித்தால் கூடுதல் தூரம் ஓடும் என்பதும் வீண் நம்பிக்கை. ஒக்டேன் என்பது நொக்கிங்கை, அதாவது எஞ்சினுக்குள் பெற்றோல் தானாகவே வெடித்துத் தட்டுவதை, தாங்கும் அளவு. 92க்கென்று செய்த எஞ்சின் அதில் கூடுதலாக எதையும் பெறாது.

இவற்றில் எதைத் தொடுவதற்கும் முன்னால் எயார் ஃபில்டரைக் கழற்றிப் பாருங்கள். வலிகாமத்துச் செம்மண் புழுதி அடைத்திருந்தால் காற்றுக் குறைந்து பெற்றோல் தானாகவே கூடும். சோக் முழுக்க ஓஃப் நிலைக்குத் திரும்பியிருக்கிறதா, புளோட் மட்டம் (காபரேட்டர் கிண்ணத்தில் பெற்றோல் நிற்கும் உயரம்) சரியா என்றும் பாருங்கள். பிறகு ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றி, ஒரே பெற்றோல் செட்டில், நடு ஸ்ரான்டில் நிறுத்தி, தாங்கி நிரம்ப அடித்து, வழக்கமான பாதையில் ஓடி, மறுபடி நிரப்பும்போது எத்தனை லீற்றர் பிடிக்கிறதென்று எழுதி வையுங்கள்.