கேம்பர் உள்ள பாயா, இல்லாத பாயா: சில சீசன் ஓட்டிப் பார்த்த பிறகு

என்னிடம் இருப்பவை விண்ட்சர்ஃபிங் (பாய் பொருத்திய பலகையில் நின்று காற்றில் ஓடும் விளையாட்டு) செய்ய இரண்டு பாய்கள். ஒன்று 7.8 சதுர மீட்டர், மூன்று கேம்பர் (பாயின் குறுக்குச் சட்டங்களான பேட்டன்களின் முனையில் பாய்மரத்தைக் கவ்வும் பிளாஸ்டிக் துண்டு) கொண்ட ஸ்லாலம் (வேகப் போட்டிக்கான) பாய். இன்னொன்று 7.5, கேம்பரே இல்லாத ஃப்ரீரைடு (பொழுதுபோக்காக ஓட்டுவதற்கான) பாய். ஒரே போர்டு, ஒரே 460 செ.மீ. கார்பன் மாஸ்ட் (பாய்மரம்). சில சீசன்களாக மாற்றி மாற்றி ஓட்டுகிறேன்.

உச்சவேகத்தில் பெரிய வித்தியாசம் எதிர்பார்த்தால் ஏமாற்றம்தான். நல்ல கஸ்ட் (திடீர்க் காற்று வீச்சு) ஒன்று பின்பக்கமாக வந்து அள்ளும்போது கேம்பர் இல்லாத பாயும் பிய்த்துக்கொண்டு போகும். ஜிபிஎஸ் வாட்சில் 2 விநாடி உச்சம் பார்த்தால் ஒன்றிரண்டு நாட் (knot, மணிக்குச் சுமார் 1.85 கி.மீ.) தான் இடைவெளி. 10 விநாடி சராசரியைப் பார்க்கும்போதுதான் கேம்பர் பாய் தனித்துத் தெரியும்.

காரணம் கணக்கிலேயே இருக்கிறது. காற்று 20 நாட், நாம் அது வரும் திசையிலிருந்து 130 பாகை விலகி 30 நாட்டில் போகிறோம் என்று வையுங்கள். பாய் உணரும் காற்று முன்பக்கத்திலிருந்து சுமார் 42 பாகையில், 23 நாட் வேகத்தில் வரும். திடீரென்று காற்று 14 நாட்டுக்கு இறங்கினால்? பாய்க்குக் கிடைக்கும் காற்றின் வேகம் குறையவே குறையாது. கோணம் மட்டும் 27 பாகைக்கு முன்னே நகர்ந்துவிடும். கேம்பர் இல்லாத பாய் மாட்டிக்கொள்வது இங்கேதான். மாஸ்டை ஒட்டிய வயிற்றுப் பகுதி சட்டென்று தட்டையாகும், பின்கையில் இழுவிசை காணாமல் போகும், பாயை நம் இடுப்புக் கொக்கியில் மாட்டும் ஹார்னஸ் லைன் தொய்யும். பேட்டன் முனையில் மாஸ்டைக் கவ்வி நிற்கும் அந்தச் சின்னப் பிளாஸ்டிக் துண்டு இருந்தால் பாயின் வளைவு கலையாது. இன்னும் நாலைந்து விநாடி அதே வேகத்தில் இழுத்துக்கொண்டு போய் அடுத்த கஸ்டில் சேர்த்துவிடும். கஸ்ட் அடிக்கும்போதும் இழுக்கும் புள்ளி முன்னும் பின்னும் ஓடாமல் ஒரே இடத்தில் நிற்கும்.

(2015-இல் நமீபியாவின் லூடெரிட்ஸ் கால்வாயில் பிரெஞ்சு விண்ட்சர்ஃபர் ஆன்ட்வான் அல்போ 500 மீட்டரை 53.27 நாட் சராசரியில் ஓடியதும் காற்றைப் பின்பக்கம் வாங்கித்தான். ஆனால் அது இதற்கென்றே வெட்டிய, அலையே இல்லாத கால்வாய். நம் தண்ணீர் அப்படியா இருக்கிறது?)

இதற்குக் கொடுக்கும் விலை விழுந்த பிறகு தெரியும். கேம்பர் பாயின் மாஸ்ட் ஸ்லீவ் (மாஸ்ட் நுழையும் துணி உறை) அகலமானது. அதில் தண்ணீர் நிரம்பிவிட்டால் வாட்டர்ஸ்டார்ட்டுக்கு (தண்ணீரில் கிடந்தபடியே பாயில் காற்று வாங்கி எழுவது) பாயைத் தூக்குவதற்குள் தோள் கழன்றுவிடும். ஜைபில் (காற்றைப் பின்னால் வாங்கியபடி திசை திரும்புவது) பாய் தானாகத் திரும்பாது. ஒரு இழுப்பு கொடுத்தால்தான் 'டக்'கென்று மறுபக்கம் விழும். கரையில் மாட்டுவதற்கும் நேரம் பிடிக்கும். 7.5-ஐ எடுத்தால் மாட்டிய கையோடு தண்ணீரில் இருக்கலாம், விழுந்தாலும் கவலையில்லை. ஜைப் இன்னும் கைவராதவர்களுக்கு என் ஓட்டு அதற்குத்தான்.

எந்தப் பாயானாலும் டவுன்ஹாலில் (பாயை மாஸ்டின் அடிநோக்கி இழுக்கும் கயிறு) கஞ்சத்தனம் வேண்டாம். மேல் பேட்டன்களுக்கு இடையே பின்விளிம்பு தொளதொளவென்று தெரியும் வரை இழுங்கள். குறைவாக இழுத்தால் கேம்பர் மாஸ்டில் அழுந்தித் திரும்பவே அடம்பிடிக்கும். பலர் கேம்பரைத் திட்டுவது இதனால்தான். நேரே காற்றோடு இறங்கி ஓடும் நாளில் அவுட்ஹாலை (பாயைப் பின்னோக்கி இழுக்கும் கயிறு) ஒன்றிரண்டு சென்டிமீட்டர் தளர்த்தினால் பாய்க்கு வயிறு கிடைக்கும்.

கேம்பர் பாய் பழையதாக வாங்குவதாக இருந்தால், ஸ்லீவுக்குள் கைவிட்டு கேம்பரின் உருளைகள் சுழல்கின்றனவா, அவை உரசும் இடத்தில் துணி தேய்ந்திருக்கிறதா என்று பாருங்கள். உங்கள் மாஸ்டின் வளைவு அந்தப் பாய்க்குப் பொருந்துகிறதா என்பதையும் காசு கொடுப்பதற்கு முன்பே, அங்கேயே மாட்டி, முழு டவுன்ஹால் இழுத்துப் பார்த்துவிடுங்கள்.