சைலன்சர் மாற்றிய பைக்கும் ஸ்பீக்கர் வைத்த மின்காரும்: எந்தச் சத்தம் யாருக்கு?

பைக்கில் கம்பெனி சைலன்சரைக் கழற்றிவிட்டு வேறு குழாய் மாட்டியவரிடம் காரணம் கேட்டுப் பாருங்கள். "சத்தம் இருந்தால்தான் லாரிக்காரன் ஒதுங்குவான், நமக்குப் பாதுகாப்பு" என்பார். மின்கார் கம்பெனிக்காரரிடம் பம்பருக்குப் பின்னால் எதற்கு ஒரு ஸ்பீக்கர் என்று கேளுங்கள். அவரும் பாதுகாப்பு என்றுதான் சொல்வார். முதலாமவர் சொல்வது ஓட்டுபவருடைய பாதுகாப்பு. இரண்டாமவர் சொல்வது நடந்துபோகிறவருடைய பாதுகாப்பு.

இந்த இரண்டோடு மூன்றாவதாக இன்னொன்றையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்: எந்தச் சத்தமும் இல்லாமல் வந்து நிற்கும் பேட்டரி ஸ்கூட்டர். என் முடிவை முன்பே சொல்லிவிடுகிறேன். குழாய்க் கட்சி தோற்கிறது, ஸ்பீக்கர் கட்சி ஜெயிக்கிறது. ஆனால் நம் ஊரில் எந்த வண்டிக்கு ஸ்பீக்கர் முதலில் வேண்டுமோ அதைத்தான் எல்லோரும் விட்டுவிட்டார்கள்.

எண்களை அப்படியே ஒப்பிட முடியாது

இந்தியாவில் 175 சிசிக்கு மேற்பட்ட பைக்குகளுக்கு 2005 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த ஒலி வரம்பு 80 டெசிபல். மின்கார் எச்சரிக்கை ஒலிக்கு ஐ.நா.வின் 138ஆம் எண் வாகன விதி வைத்திருக்கும் உச்ச வரம்பு 75 டெசிபல். அட, ஐந்துதானே வித்தியாசம் என்று தோன்றும். அங்கேதான் ஏமாறுகிறோம். பைக்கை அளக்கும்போது மைக் 7.5 மீட்டர் தள்ளி இருக்கும். மின்காருக்கு வைக்கும் மைக் 2 மீட்டரில். திறந்தவெளியில் தூரம் இரட்டித்தால் ஒலி சுமார் 6 டெசிபல் குறையும். அந்தக் கணக்கில் மின்காரின் 75 டெசிபல், 7.5 மீட்டரில் 63, 64 அளவுக்கு இறங்கிவிடும். அதாவது சட்டப்படி ஓடும் பைக்கே, உச்சத்தில் ஒலிக்கும் மின்காரைவிடப் பதினாறு டெசிபல் அதிகம்.

டெசிபல் கணக்கு நேர்க்கோட்டில் ஏறுவதில்லை. 10 கூடினால் ஒலியின் ஆற்றல் பத்து மடங்கு. காதுக்கு அது ஏறக்குறைய இரண்டு மடங்காகக் கேட்கும். இப்போது சைலன்சரை மாற்றினால் என்ன ஆகும் என்று நீங்களே போட்டுப் பார்த்துக்கொள்ளலாம்.

மாற்றுவதும் பெரிய வேலை இல்லை. கடையில் வாங்கும் குழாய்கள் பலவற்றில், வாயில் ஒரு குட்டி உலோகக் குழல் செருகியிருக்கும். பையன்கள் அதை 'டிபி கில்லர்' என்பார்கள். ஒற்றை போல்ட், ஒரு ஆலன் கீ. கழற்றினால் கையோடு வந்துவிடும். போலீஸ் சோதனை நடக்கிறது என்று தெரிந்தால் அதே போல்ட்டைத் திரும்ப முடுக்கிவிட்டுப் போகலாம். விற்கும்போதே கழற்றுவதற்கு வசதியாக வருகிற பொருளை "சத்தம் குறைக்கும் பாகம்" என்று சொல்வதில் ஒரு கள்ளச் சிரிப்பு இருக்கத்தான் செய்கிறது.

சத்தம் எந்தப் பக்கம் போகிறது

பைக்கின் புகைக்குழாய் பின்னோக்கி இருக்கிறது. ஆபத்து பெரும்பாலும் முன்னால் இருந்து வருகிறது. குழாய்க் கட்சியின் வாதம் விழுவது இந்த இடத்தில்தான்.

1981இல் வெளியான ஹர்ட் அறிக்கை, லாஸ் ஏஞ்சலஸ் பகுதியில் நடந்த 900 பைக் விபத்துகளை நேரில் போய் ஆராய்ந்தது. மோதலுக்குக் காரணமானது முக்கால்வாசிக்கும் மேல் பைக்காரரின் நேர் முன்பக்கத்திலிருந்துதான் வந்திருக்கிறது. எதிரே வந்து குறுக்கே திரும்பும் கார்தான் வழக்கமான வில்லன். அந்தக் கார் ஓட்டுநர் கண்ணாடியை ஏற்றி, ஏசி போட்டு, பாட்டு கேட்டுக்கொண்டிருப்பார். பைக்குக்குப் பின்னால் போகிற சத்தம் அவருக்குக் கேட்கும்போது பைக் அவரைக் கடந்து போயிருக்கும், அல்லது மோதியிருக்கும். அவர் கண்ணில் பட வேண்டுமென்றால் எரியும் முகப்பு விளக்கும் பளிச்சென்ற சட்டையும்தான் உதவும்.

அப்படியென்றால் அந்தச் சத்தம் யாருக்குத்தான் போய்ச் சேருகிறது? பைக் போன பிறகு தெருவில் மிச்சம் இருப்பவர்களுக்கு. குறைந்த அதிர்வெண் ஒலி சுவரையும் சன்னலையும் சுலபமாகத் தாண்டும். அதனால் மாடி வீட்டில் தூங்குகிற குழந்தைக்கு அது நன்றாகவே கேட்கும். பாரிஸ் பகுதியின் ஒலி அளவீட்டு அமைப்பான ப்ரூய்பாரிஃப், குழாய் மாற்றிய ஒரே ஒரு ஸ்கூட்டர் இரவில் பாரிஸைக் குறுக்கே கடந்தால் 10,000 பேரை எழுப்பிவிடும் என்று கணக்குச் சொன்னது. சென்னையில் சன்னல் திறந்து வைத்துத் தூங்குகிற வீடுகள் எத்தனை என்று யோசித்தால் நம் கணக்கு அதற்குக் குறையாது.

மின்காரின் ஸ்பீக்கர் நேர் எதிர். சின்ன டிபன் டப்பா அளவுள்ள, தண்ணீர் புகாத பெட்டி ஒன்று முன்பம்பருக்கு உள்ளே உட்கார்ந்திருக்கும். வண்டி போகிற திசைக்கே அது பேசுகிறது. மணிக்கு 20 கிலோமீட்டர் வரைதான் கட்டாயம்; அதற்கு மேல் டயர் தரையில் உரசும் சத்தமே போதுமான அளவுக்கு வந்துவிடும். 10 கிலோமீட்டர் வேகத்தில் குறைந்தது 50 டெசிபல், 20இல் 56 டெசிபல் இருக்க வேண்டும் என்பது ஐ.நா. விதி. வேகம் ஏற ஏற சுருதியும் ஏற வேண்டும். வண்டி நெருங்குகிறதா, நிற்கப் போகிறதா என்று காதால் கண்டுபிடிக்க அதுதான் துப்பு. வயதானவர்களுக்கு உயர்ந்த அதிர்வெண்கள் முதலில் கேட்காமல் போகும் என்பதால், ஒலியின் ஒரு பகுதியாவது 1,600 ஹெர்ட்ஸிலோ அதற்குக் கீழேயோ இருந்தாக வேண்டும். ஒரு சத்தத்துக்கு இவ்வளவு யோசித்திருக்கிறார்கள் என்பதே எனக்கு ஆச்சரியமாக இருந்தது.

கண் தெரியாதவரிடம் கேட்டால்

பார்வையற்ற ஒருவர் சாலையைக் கடப்பது எப்படி? வண்டிகள் எந்தப் பக்கம் ஓடுகின்றன, எங்கே நிற்கின்றன, எது கிளம்புகிறது என்பதை ஒலியால் வரைந்துகொள்கிறார். தனக்கு இணையாகப் போகும் வண்டிகள் கிளம்பும் சத்தம் கேட்டால், தன் எதிரே குறுக்கே போனவை நின்றுவிட்டன என்று பொருள். அப்போது காலை எடுத்து வைக்கிறார்.

இந்தக் கணக்கை இரண்டு வண்டிகளுமே கெடுக்கின்றன. சத்தமில்லாத கார் அந்த வரைபடத்திலேயே இருக்காது. சைலன்சர் மாற்றிய பைக் மற்ற எல்லா வண்டிகளின் ஒலியையும் அமுக்கிவிடும். இரண்டாவதைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை. இருபது விநாடிக்கு அந்த முனையில் அவருக்கு வேறெதுவும் கேட்காது.

அமெரிக்காவில் பார்வையற்றோர் தேசியக் கூட்டமைப்பு விடாமல் போராடியதன் விளைவுதான் 2010ஆம் ஆண்டின் பாதசாரிப் பாதுகாப்புச் சட்டம். அதன்படி விதி 2016இல் எழுதப்பட்டது. ஐரோப்பிய ஒன்றியம் புதிய மாடல்களுக்கு 2019 ஜூலையிலும், விற்பனையாகும் எல்லாப் புதிய மின்கார்களுக்கும் 2021 ஜூலையிலும் ஒலியைக் கட்டாயமாக்கியது.

பயம் வெறும் கற்பனையும் இல்லை. பிரிட்டனில் 2013 முதல் 2017 வரையான விபத்துகளை ஆராய்ந்து 2024இல் வெளியான ஆய்வு ஒன்று, 10 கோடி மைல் ஓட்டத்துக்கு மின் மற்றும் ஹைப்ரிட் கார்கள் 5.16 பாதசாரிகளையும், பெட்ரோல் டீசல் கார்கள் 2.40 பேரையும் மோதியதாகச் சொல்கிறது. இந்தக் காலம் ஒலி கட்டாயமாவதற்கு முந்தையது. மின்கார் ஓட்டுநர்களில் இளைஞர்கள் அதிகம் என்பது போன்ற காரணங்களும் கலந்திருக்கலாம். ஆனாலும் இரண்டு மடங்கு என்பது தள்ளிவிடக்கூடிய எண் இல்லை.

மின்வண்டியும் கெட்டுப்போகும்

ஸ்பீக்கர் கட்சி ஜெயிக்கிறது என்றேன். அதற்காக அது புனிதமானது என்று அர்த்தம் இல்லை. ஸ்பீக்கர் ஒன்றைக் கொடுத்துவிட்டால் அதில் வேறு எதையாவது போட்டு விளையாடத் தோன்றும். டெஸ்லா, ஓட்டுநர் விரும்பிய ஒலியை வெளியே போடும் வசதியைக் கொடுத்தது. அது எச்சரிக்கை ஒலியை மறைக்கிறது என்று 2022இல் 5,78,000க்கும் மேற்பட்ட கார்கள் அமெரிக்காவில் திரும்ப அழைக்கப்பட்டன. அமெரிக்காவின் டாட்ஜ் கம்பெனி 'சார்ஜர் டேடோனா' என்ற தன் மின்காருக்கு 126 டெசிபல் போடும் செயற்கைப் புகைக்குழாய்ச் சத்தத்தைப் பெருமையாக விளம்பரம் செய்தது. 2025இல் அதே காரில் 8,000க்கும் மேற்பட்டவை திரும்ப அழைக்கப்பட்டன. காரணம், கட்டாயமாக ஒலிக்க வேண்டிய பாதசாரி எச்சரிக்கை ஒலி வராமல் போகலாம் என்பது!

நம் பக்கத்திலும் ஒரு செய்தி உண்டு. மஹிந்திரா தன் மின்கார்களுக்கான ஒலிகளை அமைக்க ஏ.ஆர்.ரஹ்மானைக் கூட்டிக்கொண்டது. ரசிகனாக எனக்குச் சந்தோஷம்தான். ஆனால் இசை என்பது பின்னணியில் கரைந்துபோகக்கூடியது. எச்சரிக்கை கரையவே கூடாது.

சத்தத்தை அடையாளமாக்கும் ஆசை பைக் உலகத்துக்குப் பழையது. ஹார்லி டேவிட்சன் தன் இன்ஜின் சத்தத்தையே வணிகச் சின்னமாகப் பதிவு செய்ய 1994இல் விண்ணப்பித்து, 2000இல் விலக்கிக்கொண்டது. புல்லட்டின் 'டப் டப்' சத்தத்துக்காகவே அதை வாங்குகிறவர்களும் நிறைய. எனக்கும் அந்தச் சத்தம் பிடிக்கும். அது கம்பெனி சைலன்சரிலேயே கேட்கிறது. அதற்காகக் குழாயை மாற்றத் தேவையில்லை.

சட்டம்: ஒரு பக்கம் பல் இருக்கிறது, மறுபக்கம் வரைவு இருக்கிறது

2019 திருத்தத்துக்குப் பிறகு மோட்டார் வாகனச் சட்டத்தின் 190(2) பிரிவில், ஒலி வரம்பை மீறினால் முதல் முறையே மூன்று மாதம் வரை சிறை, அல்லது 10,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். கூடவே மூன்று மாதத்துக்கு உரிமம் போகும். பல ஊர்களில் பறிமுதல் செய்த குழாய்களை ரோடு ரோலர் விட்டு நசுக்குகிறார்கள். போட்டோவுக்கு நன்றாக இருக்கும். ஆஸ்திரியாவின் டிரோல் பகுதி 2020 முதல் கோடை மாதங்களில் சில மலைச்சாலைகளில், பதிவுப் பத்திரத்தில் நிற்கும் நிலை ஒலி 95 டெசிபலுக்கு மேல் என்று இருக்கும் பைக்குகளை உள்ளேயே விடுவதில்லை. பிரான்ஸ், சத்தத்தை அளந்து வண்டியை அடையாளம் காணும் ஒலி ரேடார்களைச் சோதிக்கிறது. கருவி தெருவில் நிற்கும் இடத்தில்தான் சட்டத்துக்கு வேலை. போலீஸ்காரர் கையில் அளவுக் கருவி இல்லாமல் காதை நம்பி அபராதம் போட்டால் வாக்குவாதம்தான் மிஞ்சும்.

மின்வாகன ஒலிக்கு, 2025 செப்டம்பரில் மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் வரைவு ஒன்று வெளியிட்டது. புதிய மாடல்களுக்கு 2026 அக்டோபரிலும், ஏற்கெனவே விற்பனையில் உள்ள மாடல்களுக்கு 2027 அக்டோபரிலும் கட்டாயம் என்பது அதன் திட்டம். கார், பஸ், லாரி எல்லாம் உண்டு. இரண்டு சக்கர, மூன்று சக்கர வண்டிகள் இல்லை.

விட்டுப்போன வண்டி

ஐ.நா. விதியிலும் ஸ்கூட்டர் கிடையாது. அவர்களுடைய சாலைகளில் அது பெரிய குறையாகத் தெரியாமல் இருக்கலாம். ஆனால் ஓசூரிலும் போச்சம்பள்ளியிலும் நாள் முழுக்க மின்ஸ்கூட்டர் உற்பத்தி நடக்கும் மாநிலத்தில் நாம் இருக்கிறோம். நடைபாதையைக் கடை எடுத்துக்கொள்ள, மக்கள் சாலை ஓரமாக நடக்கிறார்கள். அவர்கள் முதுகுக்குப் பின்னால், சில சமயம் எதிர்த்திசையிலும், முழங்கை உரசும் தூரத்தில் வருவது கார் இல்லை, பேட்டரி ஸ்கூட்டர். ஓட்டுபவருக்கும் இது தெரியும். அதனால் ஹாரனை அமுக்குகிறார். பக்கத்தில் நடப்பவர் துள்ளி விழுகிறார். மெல்லிய ஒலி இல்லாத இடத்தை ஹாரன் பிடித்துக்கொள்கிறது. அமைதியான வண்டி வாங்கியதன் பலன் அங்கேயே போச்சு.

ஓலா எஸ்1 ப்ரோ போன்ற சில ஸ்கூட்டர்களில் ஸ்பீக்கரும் ஓட்டும்போது கேட்கும் செயற்கை ஒலிகளும் ஏற்கெனவே உண்டு. பொருள் கையில் இருக்கிறது, ஆனால் அது ஓட்டுபவரின் ரசனைக்காக. அதையே 20 கிலோமீட்டருக்குக் கீழ் மட்டும், முன்பக்கம் நோக்கி, அணைக்க முடியாதபடி, 56 டெசிபல் அளவில் ஒலிக்க வைத்தால் போதும்.

சிக்னலில் நாற்பது ஸ்கூட்டர் நின்றால் நாற்பதும் முனகுமே என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. அமெரிக்க விதி, கியரில் நிற்கும் காரும் ஒலிக்க வேண்டும் என்கிறது. ஐ.நா. விதி நிற்கும் வண்டியிடம் ஒலி கேட்பதில்லை, நகர்ந்தால்தான் கேட்கிறது. நம் சிக்னல்களுக்கு இரண்டாவதுதான் சரி.