சீரிஸ் 1 என்று சொல்லி விற்ற ஜூம் லென்ஸ்: ஃபிலிம் கேமராக்காரர்கள் கவனத்துக்கு

குமரி மாவட்டத்தில் பழைய ஃபிலிம் கேமராவும் லென்ஸும் தேடி அலைகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். மூடிப்போன ஸ்டூடியோக்களின் சாமான்களை மொத்தமாக எடுத்து, வாட்ஸ்அப்பில் படம் போட்டு விற்கும் நாகர்கோவில்காரர் ஒருவரிடம் என் பென்டாக்ஸ் கே1000 கேமராவுக்கு ஒரு ஜூம் லென்ஸ் வாங்கினேன். விவிடார் சீரிஸ் 1, 70-210 மி.மீ., எஃப் 2.8-4. (மி.மீ. என்பது ஜூமின் வீச்சு. எஃப் எண் லென்ஸின் திறப்பைச் சொல்வது, எண் கூடினால் திறப்பு சுருங்கும்.) விலை 8,500 ரூபாய். வந்து சேர்ந்தது வேறு லென்ஸ். அதுவும் பூஞ்சை பிடித்து, யாரோ தேய்த்துத் துடைத்து, கோட்டிங் (வெளிச்சம் பட்டுத் தெறிப்பதைக் குறைக்கும் மெல்லிய பூச்சு) போன கண்ணாடியோடு. பணம் இதுவரை திரும்பவில்லை. புகார் நடக்கிறது என்பதால் ஆளின் பெயரையும் கடையையும் இங்கே போடவில்லை. எப்படி ஏமாற்றினார் என்பதைச் சொல்லத் தடை எதுவும் இல்லை.

முதலில் அந்த லென்ஸைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் ஏமாற்று எங்கே இருக்கிறது என்பது புரியாது. விவிடார் என்பது அமெரிக்க வியாபாரப் பெயர். 1938-இல் கலிபோர்னியாவில் தொடங்கிய நிறுவனம். லென்ஸை அவர்கள் சொந்தமாகத் தயாரிக்கவில்லை, ஜப்பானில் பல கம்பெனிகளிடம் செய்து வாங்கித் தங்கள் பெயரைப் போட்டு விற்றார்கள். சீரிஸ் 1 என்பது அவர்களுடைய உயர்தர வரிசை. யார் செய்தது என்பது சீரியல் நம்பரின் முதல் இரண்டு இலக்கத்தில் இருக்கிறது. 22 என்றால் கினோ, 37 என்றால் டோகினா, 28 என்றால் கோமினே, 09 என்றால் கோசினா. 70-210 சீரிஸ் 1 முதலில் எஃப் 3.5 ஆக வந்தது, கினோ செய்தது, முன்னால் 67 மி.மீ. ஃபில்டர் போடும் பெரிய உருப்படி. அடுத்தது டோகினா செய்தது, அதுவும் எஃப் 3.5, ஃபில்டர் 62 மி.மீ. மூன்றாவதுதான் கோமினே செய்த எஃப் 2.8-4. பழைய லென்ஸ் பிரியர்கள் தேடிப் பிடித்து வாங்குவது பெரும்பாலும் இந்த மூன்றைத்தான். அதற்கப்புறம் கோசினா செய்ததும் அதே சீரிஸ் 1, அதே 70-210, அதே எஃப் 2.8-4 என்ற பெயரோடுதான் வந்தது. பெயர்ப்பட்டையை மட்டும் பார்த்தால் ஒன்றுபோலத்தான் இருக்கும். உள்ளே கண்ணாடி அமைப்பு வேறு, படத்தின் தரமும் வேறு.

விளம்பரப் படத்தில் இருந்த லென்ஸின் நம்பர் 28-இல் தொடங்கியது. கூரியரில் குலசேகரத்துக்கு வந்த லென்ஸில் 09. பார்சலைப் பிரிப்பதை வீடியோ எடுத்திருந்தேன், உடனே போன் போட்டேன்.

"அண்ணே, ரெண்டும் சீரிஸ் ஒண்ணுதானே? பேரைப் பாருங்க, ஒரே பேராக்கும். நீங்க நம்பரைப் பாத்தா படம் எடுப்பியளு, கண்ணாடியப் பாத்தா?"

"தம்பி, படத்துல போட்ட லென்ஸைத்தான் நான் கேட்டேன்."

"அது போயாச்சு அண்ணே. இது அதைவிட புதுசு. கம்பேர் பண்ணின படம் அனுப்பியிருக்கேன்லா, அதைப் பாருங்க."

அந்தக் கம்பேர் படம்தான் இவருடைய வியாபாரத்தின் மையம். கால்வாய்த் தண்ணீரை உயரத்தில் கொண்டுபோகும் மாத்தூர் தொட்டிப்பாலத்தைத் தூரத்தில் இருந்து எடுத்த இரண்டு படங்கள். இடது பக்கம் நிக்கான் 80-200, வலது பக்கம் 'நம்ம சீரிஸ் 1' என்று எழுதியிருப்பார். இடது படம் மங்கல், வலது படத்தில் தூண்களின் சிமெண்டுத் தழும்பு வரை தெரியும். நிக்கானின் பழைய 80-200 ஒன்றும் சொத்தை லென்ஸ் இல்லை, அந்தக் காலத்தில் பத்திரிகைக்காரர்கள் தோளில் தொங்கவிட்டு அலைந்த சரக்கு. அது இவ்வளவு மோசமாகத் தோற்கிறது என்றால் சந்தேகம் வரத்தான் செய்யும். நெகட்டிவைக் காட்டுங்கள் என்று கேட்டேன். வாக்குவாதம் முற்றியபோது அவரே ஆதாரம் என்று சொல்லி, லைட் பாக்ஸ் மேல் வைத்த நெகட்டிவ் துண்டைப் படம் எடுத்து அனுப்பினார்.

அதில் அந்த இரண்டு படங்களும் ஒரே துண்டில், பக்கத்தில் பக்கத்தில் இருக்கின்றன. ஓரத்தில் பிரேம் நம்பர் 14, 15. லென்ஸை மாட்டும் மவுண்ட் கம்பெனிக்குக் கம்பெனி வேறு; பென்டாக்ஸ் பாடியில் நிக்கான் மவுண்ட் லென்ஸ் ஏறாது, நிக்கான் பாடியில் பென்டாக்ஸ் லென்ஸ் ஏறாது. ஓடிக்கொண்டிருக்கும் ஒரே ரோலில் 14-ஐ ஒரு கேமராவிலும் 15-ஐ இன்னொரு கேமராவிலும் எப்படி எடுத்தார்? கேட்டதற்கு "அடாப்டர்" என்றார், அதாவது ஒரு கம்பெனி லென்ஸை இன்னொரு கம்பெனி கேமராவில் மாட்டும் வளையம். அடாப்டரைக் காட்டச் சொன்னேன், அதோடு பதில் நின்றுவிட்டது.

இன்னொன்றும் இருக்கிறது. இரண்டு படத்திலும் இடது மூலையில் முன்னால் ஒரு தென்னை ஓலை தொங்குகிறது. 14-இல் அந்த ஓலை பச்சைப் புகை மாதிரி கலங்கியிருக்கிறது, 15-இல் ஒவ்வொரு கீற்றையும் எண்ணலாம். முன்னால் இருக்கும் ஓலையும் தூரத்துப் பாலமும் சேர்ந்து தெளிவாக வர வேண்டுமானால் அப்பெர்ச்சரை, அதாவது லென்ஸின் திறப்பை, நன்றாக மூடியிருக்க வேண்டும். அதாவது ஒரே லென்ஸை முழுதாகத் திறந்து ஒரு படம், எஃப் 11 பக்கம் மூடி ஒரு படம். எந்த ஜூம் லென்ஸும் முழுதாகத் திறந்தால் கொஞ்சம் சோர்ந்துதான் எடுக்கும், இரண்டு ஸ்டாப் (திறப்பில் இரண்டு படி) மூடினால் நிமிரும். சோர்ந்ததற்கு நிக்கான் என்று பெயர் வைத்துவிட்டார், நிமிர்ந்ததற்குத் தன் சரக்கின் பெயரை.

சரி, கோசினா என்றே வைத்துக்கொள்வோம், லென்ஸாவது நன்றாக இருக்கிறதா என்று பார்க்கத் தக்கலைப் பக்கம் ஸ்டூடியோ வைத்திருந்த ஒரு அண்ணாச்சியிடம் கொண்டுபோனேன். கல்யாண வீட்டு ஆல்பத்திலேயே முடி நரைத்தவர். அவர் கேமராவை எடுக்கவே இல்லை. லென்ஸை டியூப்லைட்டுக்கு நேரே சாய்த்துப் பிடித்து, முன் கண்ணாடிக்குள் தெரியும் விளக்கின் பிம்பங்களைப் பார்த்தார். ஒவ்வொரு கண்ணாடிப் பரப்பிலும் ஒரு சின்ன டியூப்லைட் தெரியும். கோட்டிங் உள்ள பரப்பில் அது ஊதா, பச்சை, தேன் நிறம் என்று ஏதாவது ஒரு சாயலில் இருக்கும்.

"மக்கா, இந்தா இதைப் பாரு. இது மட்டும் வெள்ளையாட்டு அடிக்குது. கோட்டிங்கு போயாச்சு. பூஞ்சையைத் தேய்ச்சிருக்கானுவ."

பின்பக்கம் போன் டார்ச்சை அடித்து முன்னால் இருந்து பார்த்தபோது மெல்லிய சுழல் கீறல்கள் வட்டம் வட்டமாகத் தெரிந்தன. ஓரத்தில் பூஞ்சையின் நூல் கொஞ்சம் மிச்சம். பின் மவுண்ட்டில் இருந்த ஸ்க்ரூக்களின் தலை கீறிப் பளபளத்தது, திறந்து மூடியிருக்கிறார்கள். பூஞ்சை பிடிப்பதை இங்கே யாரும் குற்றம் சொல்ல முடியாது. ஜூனில் தென்மேற்குப் பருவமழை, அக்டோபரில் வடகிழக்கு, இரண்டும் நம் மாவட்டத்துக்குக் கிடைக்கும், கூடவே கடல் காற்று. முன்பு ஸ்டூடியோக்காரர்கள் அலமாரிக்குள் ஜீரோ வாட் பல்பு எரியவிட்டு லென்ஸைக் காப்பாற்றினார்கள். ஸ்டூடியோ மூடி பல்பு அணைந்த பிறகு அந்த அலமாரியில் கிடந்த கண்ணாடி எல்லாம் இப்போது சந்தைக்கு வருகிறது. பூஞ்சை இருக்கிறது என்று சொல்லி விலை குறைத்து விற்பது வியாபாரம். தேய்த்து மறைத்து 'மிண்ட் கண்டிஷன்' (புத்தம் புதுசு மாதிரி) என்று எழுதுவதை என்னவென்று சொல்ல?

அண்ணாச்சி தன்னிடம் இருந்த பென்டாக்ஸ் எம் 135 மி.மீ. எஃப் 3.5 லென்ஸையும், பென்டாக்ஸ் ஏ 70-210 எஃப் 4 ஜூமையும் கடன் கொடுத்தார். ஒழுங்காக ஒப்பிட்டுப் பார்த்துவிடலாம் என்று இறங்கினேன். ஒரே பாடி, ஒரே ரோல், டிரைபாட், கை படாமல் ஷட்டரை அழுத்தும் கேபிள் ரிலீஸ். ஒவ்வொரு படத்துக்கும் லென்ஸும் அப்பெர்ச்சரும் நோட்டில் எழுதிக்கொண்டேன். கே1000-இல் கேமராவுக்குள் இருக்கும் நிலைக்கண்ணாடியை முன்கூட்டித் தூக்கி நிறுத்தும் வசதி கிடையாது, படம் எடுக்கும்போது அது எழும்பி அதிரும், அதனால் ஷட்டர் வேகத்தை 500-க்கு (நொடியில் 500-இல் ஒரு பங்கு) கீழே இறக்கவில்லை. அதன் உச்ச வேகம் 1000 மட்டுமே என்பதால், லென்ஸைத் திறந்துவைத்து எடுக்கும் படங்களை வெயில் ஏறும் முன்பே முடிக்க வேண்டியிருந்தது. கருப்பு வெள்ளைக்கு இல்ஃபோர்ட் எஃப்பி4, வீட்டிலேயே கழுவினேன். கலருக்கு கோடாக் கோல்ட் 200, வெளியூர் லேபுக்கு அனுப்பினேன்.

இடமும் அதே மாத்தூர் தொட்டிப்பாலம்தான். லென்ஸ் சோதிக்க அதைவிட நல்ல இடம் மாவட்டத்தில் இல்லை. 115 அடி உயரம், 28 தூண்கள், மேலே நேர்க்கோடாக ஓடும் தொட்டி. லென்ஸ் கோட்டை வளைத்தால் உடனே தெரிந்துவிடும். பிரேமின் நான்கு மூலையிலும் தூணோ தொட்டியோ வரும்படி வைத்து எடுத்தால் எந்த மூலை கலங்குகிறது என்பதும் தெரியும்.

ஜூம்களையும் 135 மி.மீ.-இல் நிறுத்தி எஃப் 8 வைத்து எடுத்தபோது, நடுப்பகுதியில் மூன்று லென்ஸுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. லூப் என்ற பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தும் சட்டென்று சொல்ல முடியவில்லை. இதைத்தான் இந்த மாதிரி விற்பனைக்காரர்கள் நம்பியிருக்கிறார்கள். மூலைக்குப் போனால் கதை வேறு. அண்ணாச்சியின் ஜூம் நான்கு மூலையிலும் ஒரே அளவில் லேசாகக் கலங்கியது, அது ஜூமின் சுபாவம். என் கைக்கு வந்ததில் மூன்று மூலை பரவாயில்லை, வலது கீழ் மூலை மட்டும் கரைந்து போயிருந்தது. திறந்து மூடியபோது ஏதோ ஒரு கண்ணாடி சாய்வாக உட்கார்ந்துவிட்டது என்றுதான் நினைக்கிறேன். 210 மி.மீ.-இல் முழுதாகத் திறந்தால் படம் முழுக்க ஒரு வெள்ளைத் திரை, நிழலில் கருப்பே இல்லை. முட்டம் கடற்கரையில் சாயங்காலச் சூரியனைப் பிரேமுக்குச் சற்று வெளியே வைத்து எடுத்த படத்தில் பாறைகள் சாம்பலாக வெளுத்துவிட்டன. அதே நேரத்தில் பென்டாக்ஸ் ஜூமில் எடுத்ததில் பாறை கருப்பாகவே நின்றது. கோட்டிங் போனதன் விளைவு இது, இதை எஃப் 11-க்கு மூடியும் சரிசெய்ய முடியவில்லை.

முப்பந்தலில் காற்றாலை இறக்கைகளை வெளிறிய வானத்துக்கு எதிரே கலரில் எடுத்தேன். பிரேமின் ஓரத்தில் இருந்த இறக்கைகளின் ஒரு விளிம்பில் ஊதா, மறு விளிம்பில் பச்சை. இந்த வகை நிறப் பிசிறு அப்பெர்ச்சரை மூடினாலும் போகாது, லென்ஸின் வடிவமைப்பிலேயே இருப்பது. நியாயமாகச் சொன்னால் இதற்காக விற்றவரைத் திட்ட மாட்டேன். கோசினாவையும் திட்ட மாட்டேன். 1999 முதல் ஃபாக்ட்லாண்டர் என்ற பழைய ஜெர்மன் கம்பெனியின் பெயரில் அருமையான லென்ஸ்களைச் செய்வதும் அதே கோசினாதான். 09 நம்பர் லென்ஸ் என்று சொல்லி 2,000 ரூபாய்க்குத் தந்திருந்தால் பேச்சே இல்லை.

யாராவது ஒப்பீட்டுப் படம் அனுப்பினால் போன் திரையில் பார்த்து முடிவு செய்யாதீர்கள். வாட்ஸ்அப் படத்தை நசுக்கித்தான் அனுப்புகிறது, போதாததற்கு லேப் ஸ்கேனர் தானாகவே கூர்மை ஏற்றிவிடும். பிரிண்ட் கொடுத்தாலும் அளவைக் கவனியுங்கள். 4×6 பிரிண்டில் நெகட்டிவ் 4 மடங்குதான் பெரிதாகிறது, அதில் எல்லா லென்ஸும் நல்ல லென்ஸ்தான். 12×18 போட்டால் 12 மடங்குக்கு மேல் போகும், அங்கேதான் குட்டு வெளிப்படும். நெகட்டிவ் துண்டை முழுதாக, ஓரத்து நம்பர் தெரியக் கேளுங்கள். இரண்டு படத்துக்கும் அப்பெர்ச்சர் என்ன என்று கேளுங்கள். லென்ஸின் பெயர்ப்பட்டையை அன்றைய செய்தித்தாளோடு சேர்த்துப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். முடிந்தால் நேரில் போய் அண்ணாச்சி செய்த டியூப்லைட் வித்தையைச் செய்துவிடுங்கள், அதற்குச் செலவே இல்லை.

எனக்குப் பில் தரவில்லை. ஆனால் ஜிபே ரசீது, சாட், பார்சல் வீடியோ எல்லாம் இருக்கின்றன. 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதிந்திருக்கிறேன். அங்கே முடியாவிட்டால் நாகர்கோவிலில் உள்ள மாவட்ட நுகர்வோர் ஆணையம்தான் அடுத்தது. 5 லட்சம் ரூபாய் வரை மதிப்புள்ள பொருளுக்கு அங்கே கட்டணம் இல்லை, 2 ஆண்டுக்குள் போட வேண்டும். இவரிடம் ஏற்கெனவே ஏமாந்தவர்கள் யாராவது இருந்தால் சாட்டை அழித்துவிடாதீர்கள்.

புகார் போன பிறகு அவர் பேச்சு மாறியது. பாதிப் பணம் தருகிறேன், லென்ஸைத் திருப்பி அனுப்புங்கள் என்கிறார். முழுப் பணமும் வந்தால்தான் லென்ஸ் போகும் என்று சொல்லிவிட்டேன். இதற்கிடையில் போன வாரம் ஒரு குரூப்பில் டாம்ரான் ஜூம் ஒன்றை விற்பனைக்குப் போட்டிருக்கிறார். கீழே ஒப்பீட்டுக்கு அதே தொட்டிப்பாலம், அதே தென்னை ஓலை. வலது பக்கப் படத்தின் பெயர் மட்டும் இப்போது டாம்ரான்.